சங்கு ஊதிய ஆம்ப்ளிஃபயர்

தனித்தனியாக ஒழுங்காக இருக்கிற இரண்டு சாமான்களைச் சேர்த்து வைத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று மனிதனுக்கு ஒரு நேரம் தோன்றும். அந்த நேரத்தில் யாராவது அவன் கையைப் பிடித்துக் கட்டிப் போட்டுவிட வேண்டும். (கல்யாணத்தைச் சொல்லவில்லை. என் மனைவி இதைப் படிப்பாள்.) நான் சொல்வது ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரையும் ஒரு ஹோம் தியேட்டரையும் பற்றி. இரண்டையும் சேர்த்து வைத்த புண்ணியவான் நான். அதன் பலனாக, திருநெல்வேலி டவுனில் எங்கள் தெருவில், உயிரோடு இருந்த ஒரு மனிதருக்குத் துட்டி கேட்க, அதாவது சாவுத் துக்கம் விசாரிக்க, கூட்டம் கூடியது. அந்த மனிதர் என் அப்பா.

நான் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா வாங்கியவன். வாங்கிய கையோடு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டேன். அதனால் என் படிப்பால் நாட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. வீட்டுக்குத்தான்.

முதலில் அப்பாவின் காதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்குக் காது கேட்காது. ஆனால் இது வெளியே போகக் கூடாத ராணுவ ரகசியம். தாலுகா ஆபீசில் அவர் வேலை பார்த்த கடைசி வருஷங்களிலேயே காது மந்தமாகிவிட்டது. யார் என்ன சொன்னாலும் கண்ணை மூடித் தலையை ஆட்டுவார். நிதானமான அதிகாரி என்று பேர் வாங்கினார். வீட்டில் கேட்டால், "எனக்குக் காது நல்லாக் கேக்கு. நீங்க பேசுததுதான் சரியில்ல" என்பார். காதுக்கு மிஷின் வாங்கலாம் என்று நான் ஒருமுறை வாயைத் திறந்தேன். அதை மட்டும் எப்படியோ தெளிவாகக் கேட்டுவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இந்த ரகசியத்துக்கு நாங்கள் கொடுத்த விலை சித்தப்பா.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி, ஏரலில் இருந்தார். சித்தி காலமான பிறகு தனிக்கட்டை. என் கல்யாணத்தன்று மண்டப வாசலில் அப்பா நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். ரேடியோ செட்காரன், வாசலுக்குப் பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி வைத்து, நாதஸ்வரத்தை அலறவிட்டிருந்தான். சித்தப்பா பட்டு வேட்டி கட்டி, பின்பக்கமாக வந்து, "அண்ணே, நான் வந்துட்டேன்" என்றிருக்கிறார். அப்பா திரும்பவில்லை. மறுபடியும் சொல்லியிருக்கிறார். அப்பா அந்தப் பக்கம் யாரோ ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "வாங்க, வாங்க" என்று கும்பிட்டிருக்கிறார். அவ்வளவுதான். சித்தப்பா பந்தியில் கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

"கூடப் பிறந்தவனை 'வா'ன்னு ஒரு சொல்லு கேக்கல. ரெவின்யூ இன்ஸ்பெக்டருதான் பெருசு" என்று ஊரெல்லாம் சொன்னார். அது எங்களுக்கும் வந்து சேர்ந்தது. அப்பாவிடம் எழுதிக் காட்டினோம். அவர் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. "போய்ச் சொல்லீரலாம்பா, காது கேக்கலன்னு" என்றேன். "செவிடன்னு சொல்லித்தான் என் தம்பி வரணும்னா வரவே வேண்டாம்" என்று அம்மாவிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் வருஷங்கள் போயின. என் பெண்ணின் சடங்குக்கும் சித்தப்பா வரவில்லை.

இந்த நிலைமையில்தான் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிடுங்க" என்றார். டாக்டர்கள் அப்படிச் சொன்னால் அர்த்தம் என்ன என்று எங்கள் தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டுப் பிச்சையா அண்ணாச்சி மறுநாளே வந்து, கூடத்தில் எந்தச் சாமானை நகர்த்தினால் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று கண்ணால் அளந்துவிட்டுப் போனார். (நல்ல மனுஷன். எல்லா வீட்டு நல்லது கெட்டதுக்கும் முதல் ஆள். கெட்டதில் கொஞ்சம் கூடுதல் சுறுசுறுப்பு.)

அப்பாவுக்கு மிச்சம் இருந்த ஆசை ஒன்றுதான். கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் நடக்கும் சூரசம்ஹாரத்தை டி.வி.யில் நேரலையாகப் பார்க்க வேண்டும். கடற்கரையில் எழும் அந்த அரோகராவைக் காதால் கேட்க வேண்டும். சித்தப்பா வருஷா வருஷம் ஆறு நாள் விரதம் இருந்து அந்தக் கூட்டத்தில் நிற்பவர். ஒவ்வொரு வருஷமும் அப்பா டி.வி.க்கு முன்னால் மூக்கு உரசும் தூரத்தில் உட்கார்ந்து கூட்டத்தைத் துழாவுவார்.

"யாரைத் தேடுதிய?" என்று அம்மா கேட்பாள்.

"முருகனைத்தான். வேற யாரை?"

"முருகன் நடுவுல மயில் மேல இருக்காரு. நீங்க ஓரத்துல தேடுதிய."

இது மட்டும் அவருக்குக் கேட்காது.

ஆகவே அப்பாவின் காதில் அரோகராவைச் சேர்ப்பது என் பொறுப்பு என்று முடிவு செய்தேன். வீட்டில் நான் ஆசைப்பட்டு வாங்கிய ஹோம் தியேட்டர் இருந்தது. குருவிக்கூடு மாதிரிச் சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள். அதை எவ்வளவு கூட்டினாலும் அப்பா, "வாயசைக்கானே தவிர ஒருத்தனும் பேச மாட்டேங்கானே" என்பார். பரணில் அப்பா வாலிபத்தில் செய்யச் சொல்லி வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் கிடந்தது. மரப்பெட்டி, முகத்தில் சத்தத்துக்கு ஏற்ப ஆடும் இரண்டு முள், கூடவே இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். ஒவ்வொன்றும் மாவு டிரம் அளவு. அதைப் போட்டால் ஜன்னல் கம்பி அதிரும். இதன் வாயை அதன் காதில் சேர்த்தால் போதும். டிப்ளமா எதற்கு வாங்கினேன்?

சஷ்டியின் ஐந்தாம் நாள் சாயங்காலம் வேலையை ஆரம்பித்தேன். முதல் சிக்கல், என் ஹோம் தியேட்டரில் சத்தத்தை வேறொரு பெட்டிக்கு அனுப்புவதற்கென்று தனித் துளை எதுவும் இல்லை. அறிவுள்ளவன் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பான். நான் ஸ்பீக்கருக்குப் போகிற வயரையே வெட்டி, முனையில் ஒரு ஆடியோ பின்னைப் பற்றவைத்து, ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத் துளையில் சொருகினேன். ஸ்பீக்கருக்குப் போகும் சத்தம் ஏற்கெனவே பெருக்கப்பட்ட சத்தம். ஆம்ப்ளிஃபயர் எதிர்பார்ப்பதோ எறும்பு முனகல். பாபநாசம் அணையைத் திறந்து பச்சைப்பிள்ளையின் பாலாடையில் பிடிக்கிற வேலை அது. இது டிப்ளமாவில் முதல் வருஷப் பாடம். அன்றைக்கு நான் வகுப்புக்குப் போயிருக்க மாட்டேன்.

டி.வி.யைப் போட்டேன். சத்தமே இல்லை. ஹோம் தியேட்டரின் வால்யூமைக் கடைசி வரை கூட்டினேன். ம்ஹூம். ஆம்ப்ளிஃபயரின் வால்யூமையும் கடைசி வரை திருகினேன். முள் கூட அசையவில்லை. காரணம் ரொம்பச் சின்னது. ஆம்ப்ளிஃபயரில் எதைக் கேட்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் குமிழ் ஒன்று உண்டு. அது நான் சொருகிய துளையை விட்டு டேப் பக்கம் நின்றது. நான் டெஸ்டர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன்.

அந்த நேரம் அம்மா வந்திருக்கிறாள். பரணில் கிடந்த பெட்டிக்கு முகமெல்லாம் தூசி. முந்தானையால் துடைத்திருக்கிறாள். எல்லாக் குமிழிலும் கோடு நேராக இருக்க, ஒன்றில் மட்டும் கோணலாகத் தெரிந்திருக்கிறது. என் அம்மா சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கினாலும் பொறுக்க மாட்டாள். நேராக்கினாள்.

டி.வி.யில் அப்போது ஏதோ ஒரு கோயிலில் தீபாராதனை. அங்கே ஒருவர் அடிவயிற்றிலிருந்து சங்கு ஊத, பின்னால் மணி அடித்தது. எங்கள் வீட்டிலிருந்து வெளியே போனபோது அந்தச் சங்கு இந்த உலகத்துச் சங்காக இல்லை. மணியின் கணகணப்பையெல்லாம் ஆம்ப்ளிஃபயர் மென்று துப்பி, சேகண்டி மாதிரி 'டங்... டங்...' என்று அனுப்பியது. எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குள்ளிருந்து அந்திநேரத்தில் சங்கும் சேகண்டியும் சேர்ந்து கேட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அதுவும் டாக்டர் கைவிட்ட ஆள் படுத்திருக்கிற வீடு.

நான் ஓடி வந்தேன். பிளக் இருந்த இடம் இரும்பு பீரோவுக்குப் பின்னால். நான் கையைவிட்டுத் துழாவ, ஆம்ப்ளிஃபயர் 'பட்' என்று வெடித்துப் புகைந்தது; ஹோம் தியேட்டரும் அதே வேகத்தில் உடன்கட்டை ஏறியது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு, ஊர் கேட்க அலறினாள்.

"ஐயோ, போச்சே! என் கண்ணு முன்னாலயே போச்சே! நான் என்ன செய்வேன்!"

சங்கு, சேகண்டி, அதன் பிறகு மனைவியின் அலறல். இதில் தெருவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

முதலில் பெண்கள் வந்தார்கள், கொண்டையை அவிழ்த்துக்கொண்டே. வந்த வேகத்தில் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அம்மாவுக்கு மனசெல்லாம் நெகிழ்ந்துவிட்டது. ஒரு ஹோம் தியேட்டர் போனதற்குத் தெருவே இப்படி அழுகிறதே என்று அவளும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் அழுதாள்.

"நல்ல சீவன்க்கா. ஒரு நாள் சத்தம் போட்டுக் கேட்டதில்லையே!"

"ஆமாம்மா, சத்தம் கொறவுதான்" என்றாள் அம்மா விம்மிக்கொண்டே.

பிச்சையா அண்ணாச்சி தோள் துண்டை இடுப்பில் கட்டி வந்து என்னைத் தழுவிக்கொண்டார். "அழாதலே சங்கரா. எல்லா ஏற்பாடும் ஆச்சு. ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சு. சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டாச்சு. தெரு குரூப்புல படமும் போட்டுட்டேன்."

விஷயத்தைச் சொல்ல நான் வாயெடுத்தேன். என் சார்பில் உள்ளே இருந்து அப்பாதான் பேசினார்.

"யாருலே அது சங்கு ஊதுனது? இப்பதாம்லே ஒரு சத்தம் நல்லாக் கேக்கு. இன்னொரு மட்டம் போடு."

கூடத்தில் இருந்த அழுகையெல்லாம் ஒரே வெட்டாக நின்றது. ஒப்பாரியின் பாதி அடியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ஒரு அத்தை விக்க ஆரம்பித்தாள்.

அதன் பிறகு நான் பட்டதை இங்கே எழுத முடியாது. ஐஸ் பெட்டி வண்டிக்காரர் மட்டும் என்னைத் திட்டவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல அண்ணாச்சி, வழி தெரிஞ்சுக்கிட்டோம்" என்றார்.

அப்பாவுக்கு விஷயத்தை எழுதிக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பிச்சையா அண்ணாச்சி அனுப்பிய கண்ணீர் அஞ்சலிப் படத்தை என் போனில் வாங்கிப் பார்த்து, "ரேஷன் கார்டு போட்டோவைப் போட்டிருக்கான், மடப்பய" என்றார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார்.

"ஏரலுக்கும் சொல்லியாச்சா?"

நான் பிச்சையா அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "மொத போனே அங்கதான். எடுத்தாவ. விசயத்தைச் சொன்னேன். ஒண்ணுமே பேசாம வச்சிட்டாவ."

உடனே நான் ஏரலுக்குப் போன் போட்டேன், தவறான தகவல் என்று சொல்ல. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆள் இல்லை.

அப்பா என் வாயைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். எங்கள் பக்கம் பகை எப்படி இருந்தாலும் சாவு வீட்டுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். அப்பா பைய எழுந்திருக்கப் பார்த்தார். "சேரை வாசல்ல போடு. அவன் வருவான். இந்தத் தடவை வாசல்லயே இருந்து நான் வான்னு சொல்லணும்."

வாசலில் நாற்காலி போட்டு, சால்வை போர்த்தி உட்கார வைத்தோம். அப்புறம் நடந்ததை வேறு எந்தத் தெருவிலும் யாரும் பார்த்திருக்க முடியாது. தன் சாவுக்கு வந்த எல்லாரையும் என் அப்பா வாசலில் உட்கார்ந்து வரவேற்றார். சேதி கேட்டு டவுனில் இருந்தும் பேட்டையில் இருந்தும் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தலை தெரியும்போதும், "வாங்க, வாங்க" என்றார். சிலர் பயந்து பின்வாங்கினார்கள். ஒருவர் கொண்டுவந்த மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே நலம் விசாரித்தார். யாரையும் விட்டுவிடக் கூடாது என்று, சைக்கிளில் போன பால்காரரைக்கூட, "வாங்க" என்றார். அவர் வாய் பழகிக்கொண்டே இருந்தது. கண் மட்டும் தெருமுனையில் இருந்தது.

தெருவிளக்கு எரிந்து, கூட்டம் கலைந்து, அம்மா இரண்டு தடவை வந்து கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார். கட்டிலில் படுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னார்: "செத்தாலும் வர மாட்டான் போல."

ஒரு மனிதன் உயிரோடு இருக்கும்போது தெரிந்துகொள்ளவே கூடாத ஒரு விஷயத்தை, வயரும் பின்னும் வைத்து நான் என் அப்பாவுக்குத் தெரியப்படுத்திவிட்டேன்.

மறுநாள் சூரசம்ஹாரத்தை டி.வி.யின் சொந்தக் குரலிலேயே பார்த்தோம். அப்பாவுக்கு அரோகரா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வழக்கம்போலத் திரையின் ஓரங்களைத் துழாவினார். எல்லாம் முடிந்ததும், "அவன் இந்த வருசம் போகலை" என்றார்.

"கடலாட்டம் அவ்வளவு கூட்டம். அதுல ஒரு ஆளைக் காணலன்னு எப்படிச் சொல்லுதிய?" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்பா மார்கழியில் போனார். விடிந்து வெயில் ஏறிய நேரம். இந்த முறை சங்கு ஊதுபவரை நானே போய்க் கூட்டி வந்தேன். அவர் வாசலில் நின்று நீட்டி ஊதினார். தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை. ஒரு தலை எட்டிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து பிச்சையா அண்ணாச்சியின் குரல் மட்டும் வந்தது.

"ஏலே சங்கரா! அணைலே அந்தக் கருமத்தை! மறுபடியும் செட்டுல கை வச்சிட்டியா?"

அவர் திட்டிக்கொண்டே வாசலுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, பேச்சை அப்படியே நிறுத்தி, துண்டைத் தோளில் இருந்து எடுத்தார். உள்ளே போய் அப்பாவின் மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அழுதார். போனில் நான் சொன்ன ஒவ்வொருவரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "ஆளா, ஆம்ப்ளிஃபயரா?" அழுதுகொண்டே, "ஆள்தான்" என்று எல்லாருக்கும் சொன்னேன்.

ஏரலுக்கும் சொன்னேன். சித்தப்பா மட்டும், "நெசந்தானாலே?" என்று கேட்டார்.

மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். கையில் மாலை இல்லை. யாரையும் பார்க்காமல் நேராக அப்பாவின் தலைமாட்டில் போய் நின்று, உதடு மட்டும் அசைகிற மாதிரி, "அண்ணே, நான் வந்துட்டேன்" என்றார்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையில் இருந்து அழுது குரலே இல்லை. பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள்:

"தம்பி, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. அவுகளுக்குக் காது கேக்காது."

சித்தப்பா நிமிர்ந்தார். "என்ன மதினி சொல்லுதிய?"

"கேக்காது தம்பி. எத்தனையோ வருசமா. இவன் கல்யாணத்துக்கு முன்னால இருந்தே. வெளிய சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ."

சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அன்னைக்கே வந்தேம்லே. சஷ்டி விரதத்தை அப்படியே போட்டுட்டு, போனைக்கூட எடுக்காம, மாலை வாங்கிக்கிட்டு ஓடி வந்தேன். முக்குல டீக்கடையில சொன்னாவ, ஆளு நல்லா இருக்காரு, வாசல்ல உக்காந்து எல்லாரையும் வாங்க வாங்கங்காருன்னு. எட்டிப் பார்த்தேன். பால்காரனையும் வாங்கன்னாரு. எனக்கு எப்படி இருக்கும்? உசுரோட இருக்கிறவர் முன்னால மாலையோட எப்படி வருவேன்? மாலையைத் தூரப் போட்டுட்டு வந்து, அவரு மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கிட்டா நான் எங்கன போவேன்? திரும்பிட்டேன். மாலையை மடியில வச்சுக்கிட்டே ஏரல் வரைக்கும் போயி ஆத்துல விட்டேன். மறுநாள் செந்தூருக்குப் போகவே மனசு வரல."

அப்பா சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அத்தனை கூட்டத்திலும் அவர் தம்பி இல்லாதது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சிரித்தவன் நான்.

சித்தப்பா எழுந்து, அப்பாவின் காதோரம் குனிந்து, அடிவயிற்றில் இருந்து கத்தினார்: "அண்ணே! நான் வந்துட்டேன்!" தெருவே உள்ளே ஓடி வந்தது. நான் என் ஆயுளில் எத்தனையோ ஆம்ப்ளிஃபயர்களைக் கேட்டிருக்கிறேன். (ஒன்றைக் கொன்றும் இருக்கிறேன்.) எதிலும் அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை.

இப்போது எங்கள் குடும்பத்தில் கெட்ட சேதி எது வந்தாலும், "ஆளா, ஆம்ப்ளிஃபயரா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறார்கள். வீட்டில் மிக்ஸி ரிப்பேரானால்கூட நான் இருக்கும் அறையின் கதவை என் பெண் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுகிறாள்.

சித்தப்பா மாதம் ஒருமுறை வருகிறார். தெருமுனையில் வரும்போதே, "நான் வந்துட்டேன்!" என்று குரல் கொடுப்பார். உடனே அடுப்படியில் இருந்து அம்மா, மாடியில் இருந்து என் மனைவி, எங்கிருந்தாலும் நான், என் பெண், எதிர்வீட்டுப் பிச்சையா அண்ணாச்சி உட்பட எல்லாரும் தொண்டை கிழிய, "வாங்க!" என்று கத்துவோம். நாய்கள் குரைக்கும். அவர் காதைப் பொத்திக்கொண்டு படியேறி, அப்பா படத்தின் முன்னால் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்வார்:

"கேட்டுட்டுலே, கேட்டுட்டு. செட்டை அணைங்க."